ராசாமணி வைத்த ஒரு ரூபாய்

ஒரு ஊரில் ராசாமணி என்று ஒருத்தி இருந்தாள். எதைச் சொன்னாலும் தப்பாகச் சொல்லிவிடுவோம் என்று அவளுக்குப் பயம். அந்தப் பயத்தில் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுவாள். மீதிப் பாதியை இரண்டு தடவை சொல்லுவாள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வயிற்றுவலி என்று டாக்டரிடம் போனால், வலி எந்தப் பக்கம் என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அவளுக்கு இட்லி மாவு வியாபாரம். அவளிடம் ஒரு கிரைண்டர் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால், மாசம் ஆயிரத்து ஐநூறு ரூபாய் வீதம் இருபது தவணையில் ஒரு பைனான்ஸ் கம்பெனி மூலம் வாங்கியது. பாவம், அது அரைத்து அரைத்துக் கல் தேய்ந்து, பெல்ட் தளர்ந்து, காலையில் சுவிட்சைப் போட்டால் நாலு தடவை முனகிவிட்டுத்தான் சுற்ற ஆரம்பிக்கும்.

பங்குனியில் ஒரு நாள், ஊருக்கு வெளியே இருந்த பெண்கள் விடுதியிலிருந்து வார்டனம்மா வந்தார். "ஆனி ஒண்ணாந்தேதி விடுதி திறக்குது. தினமும் நாப்பது கிலோ மாவு தருவீங்களா?" என்றார். ராசாமணி யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல நினைத்து வாயைத் திறந்தாள். அதற்குள் வார்டனம்மா சம்மதம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"நாப்பதா?" என்றது கிரைண்டர். "அம்மணி, அதுக்குப் பதிலா என்னைப் பழைய இரும்புக் கடையில போட்டுருங்க. அங்க ஒரே அடியில முடிச்சிருவாங்க."

"பெரிய மிஷின் ஒண்ணு வாங்கிடறேன் ராசா. லோன் கேக்கப் போறேன்," என்றாள் ராசாமணி.

பேங்கில் மேனேஜரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு ராசாமணியைப் பார்த்தார். "உங்க கடன் அறிக்கையில ஒரு பாக்கி இருக்குதும்மா. ஆறாயிரத்து எண்ணூறு ரூபா. வசூல் கம்பெனி வரைக்கும் போயிருக்கு. அது அங்க இருக்கிற வரைக்கும் எங்களால லோன் தர முடியாது."

நான் யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைத்தவள் இல்லை என்று ராசாமணி சொல்ல வந்தாள். வாயிலிருந்து வந்தது, "சரிங்க, ரொம்ப நன்றிங்க."

வழியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஷகிலாவிடம் சொல்லி அழுதாள். ஷகிலா அந்தக் கடன் அறிக்கையை எடுத்து அச்சடித்துக் கொடுத்தாள். ராசாமணி வீட்டுக்கு வந்து, அதைக் கிரைண்டரின் மூடிமேல் விரித்தாள்.

அறிக்கை தொண்டையைக் கனைத்துக்கொண்டது. அதன் நடுப் பக்கத்தில், ஒரு குண்டு ஆள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். தலையில் வட்டி என்ற பெரிய தலைப்பாகை. இடுப்பில் அபராதம் என்ற அகலமான பெல்ட். கழுத்தில் கட்டணம் என்று மூன்று சங்கிலி.

"யாருங்க நீங்க?" என்றாள் ராசாமணி.

"தெரியலையா அம்மணி? நாந்தான் உங்க பாக்கி. அஞ்சு வருசமா உங்க பேர்லதான் உக்காந்து தின்னுட்டு இருக்கேன்."

"எனக்குப் பாக்கியே இல்லீங்களே. இருவது தவணையும் கட்டிட்டனுங்களே."

"பத்தொம்பதுதான் வந்துச்சு. இருவதாவது வரலை. பொறந்தப்ப நான் வெறும் ஆயிரத்து ஐநூறுதான். சின்னக் குழந்தை. வட்டி சோறு ஊட்டுச்சு, அபராதம் தொட்டில் ஆட்டுச்சு, இப்படி வளர்ந்துட்டேன். போன வருசம் என்னைப் பழைய பாக்கிகளோட மூட்டை கட்டி வசூல் கம்பெனிக்கு வித்தாங்க. அங்க எல்லாருக்கும் எம்மேல உசுரு. நாளையிலிருந்து போன் பண்ணுவாங்க பாருங்க."

கிரைண்டருக்குக் கோபம் வந்து சுவிட்ச் போடாமலே ஒரு சுற்றுச் சுற்றியது. "பொய்! கடைசித் தவணை கட்டிட்டு வந்த அன்னிக்கு எனக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வெச்சு, இனி நீ எனக்கே சொந்தம்னு சொன்னாங்க. நான் காதால கேட்டேன்."

"சந்தனத்தைக் கணக்குல ஏத்த முடியுமா?" என்றது பாக்கி.

ராசாமணி அறிக்கையைப் பார்த்துக் கும்பிட்டாள். "சாமி, நீங்களே பார்த்து இந்த ஆளை எடுத்துவிடக் கூடாதுங்களா?"

அறிக்கை நிதானமாகப் பேசியது. "பார்ப்பது என் வேலை இல்லை அம்மா. எனக்குக் காது மட்டும்தான் உண்டு. கடன் கொடுத்தவர்கள் வந்து சொல்வதை எழுதிக்கொள்வேன். தப்பு என்று நினைத்தால் எழுதிக் கேளுங்கள். முப்பது நாளைக்குள் விசாரிப்பேன்."

"யாரைங்க விசாரிப்பீங்க?"

"சொன்னவர்களைத்தான்."

"அவங்க மறுபடியும் அதையே சொன்னா?"

"மறுபடியும் அதையே எழுதிக்கொள்வேன்."

பாக்கி தொடையைத் தட்டிச் சிரித்தது.

சொன்னபடி மறுநாளிலிருந்து போன் அடித்தது. உளுந்து ஊறப் போடும்போது ஒன்று, மாவு அளக்கும்போது ஒன்று, சாப்பிட உட்கார்ந்தால் ஒன்று. பாக்கியே குரலைத் தழைத்துக்கொண்டு பேசியது. "நமக்குள்ள எதுக்கு அம்மணி சண்டை? பாதி குடுங்க. நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிடறேன்."

ராசாமணி மாவு விற்ற காசு வைத்திருந்த டப்பாவைத் திறந்தே விட்டாள். திறந்தவளுக்குப் பயம் வந்தது. எதற்கும் கேட்டுவிடுவோம் என்று அறிக்கையைக் கேட்டாள்.

"பாதி வாங்கிக்கொண்டு போனால், 'பேசி முடித்தது' என்று எழுதுவேன்," என்றது அறிக்கை. "ஆள் போய்விடுவான். அவன் செருப்பு மட்டும் என் வாசலிலேயே கிடக்கும். பேங்கிலிருந்து வருகிறவர்கள் செருப்பைப் பார்த்ததும், உள்ளே ஏதோ விவகாரம் என்று வெளியிலிருந்தே திரும்பிப் போவார்கள்."

ராசாமணி டப்பாவை மூடினாள். கடைசித் தவணையின் ரசீதைத் தேடினாள். கடன் அடைந்த சந்தோஷத்தில் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். ஐந்து வருஷமாகத் தினமும் விளக்குச் சூடு பட்டு, ஒரு எழுத்துக்கூட இல்லாமல் வெளுத்துக் கிடந்தது ரசீது. மிஷினில் அடித்த வழவழப்புத் தாள். அதில் மை எத்தனை நாள் நிற்கும்?

"ரசீதுங்களே, அன்னிக்கு நான் எவ்வளவு கட்டினேன்னு சொல்லுங்க."

ரசீது விழித்தது. "நீங்க யாருங்க?"

"நாந்தாங்க ராசாமணி. உங்களைக் கண்ணுல ஒத்திட்டு வாங்கிட்டு வந்தனே."

"அப்படிங்களா? எனக்கு எல்லாமே மறந்து போச்சுங்க. அடியில ஒரு வரி மட்டும் ஞாபகம் இருக்கு. 'நன்றி, மீண்டும் வருக.' அது ஆகுமுங்களா?"

ராசாமணி அழுதுகொண்டே கடிதம் எழுத உட்கார்ந்தாள். எதையாவது விட்டுவிட்டால் தப்பாகிவிடுமே என்று எல்லாவற்றையும் எழுதினாள். கிரைண்டரைக் கடையில் பார்த்தது, வீட்டுக்காரருக்கு அந்த வருஷம் கால் முறிந்தது, அப்போதும் தவணை தவறாமல் கட்டியது, ஐநூறு ரூபாய் கேட்டதற்கு அண்ணன் பெண்டாட்டி தலைவலி என்று படுத்துக்கொண்டது, எல்லாம். நாலு பக்கம் வந்தது. வெள்ளை ரசீதின் கையைப் பிடித்துக்கொண்டு கடிதம் அறிக்கையின் ஆபீசுக்குப் புறப்பட்டுப் போனது.

முப்பதாம் நாள், சித்திரைக் கடைசியில் இரண்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தன.

"என்ன ஆச்சு?" என்று ஓடினாள் ராசாமணி.

"எல்லாத்தையும் சொன்னனுங்க," என்றது கடிதம். "அண்ணன் பெண்டாட்டி கதையைக் கேட்டு அங்க ரெண்டு பேர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அப்புறம் எந்தக் கணக்குன்னு கேட்டாங்க. நீங்க கணக்கு நம்பரை எழுதலையே. பாக்கியைக் கூப்பிட்டு, நீ நிஜந்தானான்னு கேட்டாங்க. நிஜந்தான்னு சொல்லுச்சு. சரி உக்காருன்னுட்டாங்க."

"வெள்ளைத்தாள் எதுக்கு அனுப்பினாங்கன்னு என்னையும் கேட்டாங்க," என்றது ரசீது. "நன்றி, மீண்டும் வருகன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

கிரைண்டர் வெகுநேரம் யோசித்தது. "அம்மணி, அன்னிக்குக் கட்டிட்டு வந்து எங்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. ஒரு ரூவா சேத்து வெச்சுட்டு வந்தேன்னு. அது ஏனு?"

ராசாமணிக்கு ஞாபகம் வந்தது. கடைசித் தவணை ஆயிரத்து ஐநூறு. அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தையும் வைத்துக் கட்டிவிட்டு வந்திருந்தாள். "ஆமா. மொய் எழுதினா நூத்தி ஒண்ணு, ஐநூத்தி ஒண்ணுன்னுதான எழுதறோம்? குடுக்கறது பூச்சியத்துல முடியக் கூடாது. ஒறவு அத்துப் போயிரும். அதான் கூட ஒரு ரூவா."

அறிக்கைக்குள் உட்கார்ந்திருந்த பாக்கி இதைக் கேட்டதும் வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தது. தலைப்பாகை நழுவி விழப் பார்த்தது. "அதைத்தான அம்மணி நானும் சொல்றேன்! ஒறவு அத்துப் போகக் கூடாதுன்னு நீங்கதான ஒரு ரூவா வெச்சீங்க? நான் போகாம இருக்கேன். என்னை எதுக்குத் திட்டறீங்க?"

ராசாமணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, கடனோட போய் ஒறவு வெச்சுக்கிட்டனே. எம்மேலதான் தப்பு." கை மறுபடியும் டப்பாவைத் தேடியது.

"கையை எடுங்கம்மணி," என்றது கிரைண்டர். "அந்த ஒரு ரூவா அங்க போயிருந்தா, அதுகூட ஆயிரத்து ஐநூறும் போயிருக்கணுமே. ஒத்த ரூவா கட்டறதுக்கு யாராவது பஸ் ஏறிப் போவாங்களா? போய் அந்த ஒரு ரூவா எங்கன்னு கேளுங்க."

பைனான்ஸ் ஆபீசில் கவுண்டரில் இருந்தவர் தண்டபாணி. பழைய கணக்கு என்றதும் நிமிராமலே கையை வாசல் பக்கம் காட்டினார். "அதெல்லாம் வித்தாச்சுங்கம்மா. வசூல் கம்பெனில போய்க் கேளுங்க."

"சரிங்க, ரொம்ப நன்றிங்க," என்று ராசாமணி திரும்பி நடந்தாள். படியில் இறங்கும்போது நாற்பது கிலோ மாவும், கிரைண்டரின் முனகலும் நினைவுக்கு வந்தன. மூன்றாவது படியிலிருந்து திரும்ப ஏறி வந்தாள்.

"தப்பாக் கேட்டா மன்னிச்சுக்குங்க. இந்த நம்பர்ல இருவதாவது தவணை வந்துச்சான்னு மட்டும் பாத்துச் சொல்லிடுங்க." இந்த முறை கணக்கு நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதி வந்திருந்தாள்.

தண்டபாணி கம்ப்யூட்டரைக் கேட்டார். "இந்தக் கணக்குல கடைசித் தவணை ஆயிரத்து ஐநூறு வந்ததா?"

"வரவில்லை," என்றது கம்ப்யூட்டர்.

"பாத்தீங்களாம்மா?"

ராசாமணி உள்ளங்கையை இன்னும் கிட்டே நீட்டினாள். "ஆயிரத்து ஐநூத்தி ஒண்ணு வந்துச்சாங்க?"

கம்ப்யூட்டர் பழைய வரவுகளைப் புரட்டியது. பிறகு, "வந்தது," என்றது.

தண்டபாணி நிமிர்ந்தார். "யோவ், அஞ்சு வருசமா ஏன்யா சொல்லலை?"

"யாரும் கேட்கவில்லை."

"ஆயிரத்து ஐநூத்தி ஒண்ணுக்குள்ள ஆயிரத்து ஐநூறு இருக்காதாய்யா?"

"நான் எதிர்பார்த்தது ஆயிரத்து ஐநூறு. வந்தது அது இல்லை. ஆகவே அது வரவில்லை. வந்தது யாரென்று தெரியாததால், அடையாளம் தெரியாத வரவுகள் இருக்கும் அறையில் போட்டுவிட்டேன்."

தண்டபாணி அந்த அறையைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஆயிரத்து ஐநூறு ரூபாயும், விடிய விடிய ரயில் வராத பிளாட்பாரத்தில் படுத்துக் கிடப்பவர்கள்போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு ரூபாய் மட்டும் கதவோரம் விழித்துக்கொண்டு நின்றது.

"அம்மணி!" என்று கத்தியது. "வந்துட்டீங்களா! அஞ்சு வருசமா இந்தக் கதவைத் தட்டிட்டு நிக்கறேன். நீங்க பெரிய மனசு பண்ணி என்னைச் சேத்து வெச்சீங்க. என்னாலதான் இவங்க அத்தனை பேரும் உள்ள மாட்டிக்கிட்டாங்க. முழிச்சாத் திட்டுவாங்களேன்னு எழுப்பவே இல்லை."

தண்டபாணி வந்த தேதியும் தொகையும் போட்டுக் கணக்குத் தாள் எடுத்தார். கணக்கு அன்றைக்கே முடிந்தது என்று ஒரு கடிதமும் கொடுத்தார். "சீலும் கையெழுத்தும் போட்டுடுங்க," என்றாள் ராசாமணி. போட்டார். "தேதியும்," என்றாள். அதையும் போட்டார்.

வீட்டுக்கு வந்து மறுபடி கடிதம் எழுத உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்ததும் அண்ணன் பெண்டாட்டி ஞாபகம் வந்துவிட்டது. கணக்குத் தாளின் கடைசி வரியில் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு ரூபாய், "அவங்களை விடுங்க அம்மணி," என்றது. "எந்தக் கணக்கு, எந்த நாள், எவ்வளவு. மூணே வரி. மீதியை நான் பேசிக்கறேன்."

மூன்று வரிக் கடிதம் போனது. அங்கே நடந்ததை அது பிறகு வந்து ராசாமணியிடம் வரி விடாமல் சொன்னது.

அறிக்கை பாக்கியை எழுந்து நிற்கச் சொன்னதாம். "இருபதாவது தவணை ஆயிரத்து ஐநூறு வரவில்லை என்கிறாய். அப்படியானால், அதே நாளில், அதே கணக்கில் வந்து நிற்கும் இந்த ஒரு ரூபாய் யாருடையது?"

"எனக்குத் தெரியாதுங்க. வழி தப்பி வந்திருக்கும்," என்றது பாக்கி.

"நானா?" என்றது ரூபாய். "ஆயிரத்து ஐநூறு பேருக்கு மேல உக்காந்து வந்தவன்யா நான். சீல் வெச்ச கடிதாசி இருக்கு. படிக்கச் சொல்லு."

அறிக்கை படித்தது. கடன் கொடுத்த கம்பெனியைக் கூப்பிட்டுக் கேட்டது. தண்டபாணியும் கம்ப்யூட்டரும் ஒரே குரலில், "வந்தது," என்றார்கள்.

முதலில் வட்டி இறங்கியது. "அசலே இல்லேன்னா நான் எங்கிருந்து வந்தேன்?" என்று தலைப்பாகை தன்னைத் தானே சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டியது. அபராதம் அவிழ்ந்து விழுந்தது. மூன்று சங்கிலிகளும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு பின்பக்கமாக நழுவின. கடைசியில் நடுப் பக்கத்தில் தொளதொளத்த வேட்டி மட்டும் கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. வேட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. "அந்த அம்மணிதான் ஒறவு வேணும்னு..."

"எங்கூடத்தான்யா ஒறவு, உங்கூட இல்லை," என்றது ரூபாய்.

"போகும்போது செருப்பையும் எடுத்துக்கொண்டு போ," என்றது அறிக்கை. வாசலையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டது. கண் இல்லை என்று சொன்ன அறிக்கைதான்.

வைகாசி முடிய நாலு நாள் இருக்கும்போது மேனேஜரம்மா கையெழுத்துப் போட்டார். புது மிஷின் வந்தது. ஆனி முதல் நாள் விடுதியில் இட்லி வெந்தது. பழைய கிரைண்டருக்கு வீட்டுச் சட்னிக்குத் தேங்காய் அரைப்பது மட்டும்தான் இனி வேலை. மற்ற நேரமெல்லாம் புது மிஷினைக் குறை சொல்லிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது.

முதல் தவணை கட்டும் நாள் வந்தது. தவணை இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்பது. ராசாமணி பேங்க் கவுண்டரில் இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது கொடுத்தாள். கேஷியர் வாங்கி எண்ணினார். "ஒரு ரூவா சில்லறை இல்லீங்கம்மா. இருக்கட்டும், அடுத்த தவணையில பாத்துக்கலாம்."

"சரிங்..." என்று அவள் வாய் பாதி சொல்லிவிட்டது. பின்னால் பதினோரு பேர் நின்றார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர், "ஒரு ரூபாய்க்காகவா?" என்றார்.

"இல்லீங்க," என்றாள் ராசாமணி. "சில்லறை வர்ற வரைக்கும் இருக்கேன்."

ஒரு தடவைதான் சொன்னாள். தப்பில்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டுக் கவுண்டருக்கு நேர் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கூடையிலிருந்து எலுமிச்சஞ்சாதத்தை எடுத்துப் பிரித்தாள்.

பன்னிரண்டு ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. கேஷியர் மூன்று தடவை அவளைப் பார்த்தார். கடைசியில் டீக்கடைக்கு ஆள் அனுப்பி, ஒரு ரூபாய் நாணயம் வாங்கி வரச் செய்து, கவுண்டரில் வைத்தார். ராசாமணி ரசீதை வாங்கி, எழுத்து இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பக்கத்துக் கடையில் மூன்று ஜெராக்ஸ் எடுத்தாள். சாமி படத்துக்குப் பின்னால் ஒன்றுகூட வைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

உள்ளங்கையில் இருந்த புது ரூபாய் கேட்டது. "ஏனுங்கம்மணி, என்னை அங்கேயே விட்டிருந்தா என்ன? ஒறவுக்கு நல்லதுன்னு சொல்லுவாங்களே?"

"ஒறவை நாம கல்யாண வீட்டுல வெச்சுக்கலாம் ராசா," என்று அதை மடியில் முடிந்துகொண்டாள் ராசாமணி. "இங்க நமக்குச் சரியான சில்லறை போதும்."